நீண்ட மின்னோட்டக் கம்பியின் காந்தத் திசையன் அழுத்தம்: ஒரு கருத்தின் வரலாறு

காந்தத் திசையன் அழுத்தம் என்பது மின்காந்தவியலில் காந்தப்புலத்தைப் பெறுவதற்குப் பயன்படும் ஒரு திசையன் அளவு ஆகும். வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் இதற்கு ஓர் எண்மதிப்பும் ஒரு திசையும் உண்டு. ஒரு புள்ளியைச் சுற்றி இவ்வளவு எந்த அளவுக்குச் சுழல்கிறது என்பதே அப்புள்ளியின் காந்தப்புலத்தைத் தருகிறது. 'அழுத்தம்' என்னும் சொல் இங்கு 'மின்னழுத்தம்' என்பதில் உள்ள பொருளிலேயே வருகிறது. காற்றழுத்தம், நீரழுத்தம் ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பில்லை.

மின்னோட்டம் பாயும் நீண்ட நேர்க்கம்பியே இவ்வளவைக் கற்பிக்கப் பாடநூல்கள் எடுத்துக்கொள்ளும் எளிய எடுத்துக்காட்டு. ஆனால் அந்த எளிய எடுத்துக்காட்டிலேயே ஒரு சிக்கல் எழுகிறது. கம்பி முடிவிலி நீளம் கொண்டது எனக் கொண்டால், அதன் காந்தப்புலம் முடிவுள்ளதாக இருக்க, திசையன் அழுத்தம் மட்டும் முடிவிலியாகிறது. அப்படியானால் இது இயற்கையில் உள்ள ஒன்றா, அல்லது காகிதத்தில் மட்டும் உள்ள கணக்குக் கருவியா? 1831 முதல் 1986 வரை இயற்பியலில் பல தலைமுறையினர் இக்கேள்விக்கு மாறி மாறி விடை கூறியுள்ளனர். அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கம்பியும் மடக்கையும்

1820ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பி காந்த ஊசியைத் திருப்புகிறது என்பதைக் கண்டறிந்தார். அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று பாரிஸ் அறிவியல் கழகத்தில் ழான் பாப்டிஸ்ட் பியோ, ஃபெலிக்ஸ் சவார் இருவரும் தம் அளவீடுகளை முன்வைத்தனர். நீண்ட நேர்க்கம்பியின் காந்த விளைவு தொலைவுக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்பது அவர்கள் பெற்ற முடிவு. தொலைவு இரு மடங்கானால் காந்தப்புலம் பாதியாகும்.

இதை எண்களில் காணலாம். ஒரு கம்பியில் 10 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது எனக் கொள்வோம். கம்பியிலிருந்து 1 சென்டிமீட்டர் தொலைவில் காந்தப்புலம் 200 மைக்ரோடெஸ்லா. தமிழ்நாட்டில் புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா என்பதால், அங்கு வைத்த திசைகாட்டி வடக்கை விட்டு விலகிவிடும்.

இதே கம்பியின் திசையன் அழுத்தத்தைக் கணக்கிடும் முறை வேறு. கம்பியைச் சிறு துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் மின்னோட்டத்தால் பெருக்கி, நாம் கருதும் புள்ளிக்கும் துண்டுக்கும் இடையிலான தொலைவால் வகுக்க வேண்டும். கிடைப்பவற்றையெல்லாம் கூட்டி 10⁻⁷ என்னும் எண்ணால் பெருக்கினால் விடை வெபர்/மீட்டர் அலகில் கிடைக்கும். திசை மின்னோட்டத்தின் திசையே. காந்தப்புலம் கம்பியைச் சுற்றி வளையமாக அமைய, திசையன் அழுத்தம் கம்பிக்கு இணையாக அமைகிறது.

மின்னூட்டம் பெற்ற தண்டின் மின்னழுத்தத்தைக் கணக்கிட்டவர்களுக்கு இது பழகிய கணக்காகவே தோன்றும். சிக்கலும் இதில்தான் உள்ளது. காந்தப்புலத்தில் தொலைதூரத் துண்டுகளின் பங்கு மிக விரைவாகக் குறைகிறது. திசையன் அழுத்தத்திலோ தொலைவின் முதல் படி மட்டுமே வகுக்கிறது. எனவே எட்டத்தில் உள்ள துண்டுகளும் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. கூட்டுத்தொகை இயல் மடக்கையைப் போல மெதுவாக, ஆனால் எல்லையின்றி வளர்கிறது. அதே 10 ஆம்பியர் கம்பியின் நடுப்பகுதிக்கு அருகே, 1 சென்டிமீட்டர் தொலைவில் கிடைக்கும் மதிப்புகள் இவை:

கம்பியின் நீளம் 2 மீட்டர் எனில், 1.06 × 10⁻⁵ வெபர்/மீட்டர்.
கம்பியின் நீளம் 2 கிலோமீட்டர் எனில், 2.44 × 10⁻⁵ வெபர்/மீட்டர்.
கம்பியின் நீளம் 2,000 கிலோமீட்டர் எனில், 3.82 × 10⁻⁵ வெபர்/மீட்டர்.

நீளம் ஆயிரம் மடங்காகும் ஒவ்வொரு முறையும் 1.38 × 10⁻⁵ கூடுகிறது. கம்பி முடிவில்லாமல் நீண்டால் மதிப்பும் முடிவில்லாமல் உயரும். ஆனால் 1 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள மதிப்புக்கும் 2 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள மதிப்புக்கும் இடையிலான வேறுபாடு மூன்று நிலைகளிலும் 1.39 × 10⁻⁶ தான். கம்பியின் நீளம் அதைப் பாதிப்பதில்லை. காந்தப்புலம் இந்த வேறுபாட்டை மட்டுமே சார்ந்தது என்பதால் அது முடிவுள்ளதாக நிற்கிறது. ஓர் இடத்தின் மதிப்பு உறுதியற்றது, இரு இடங்களுக்கு இடையிலான வேறுபாடு உறுதியானது என்னும் இச்செய்தி, பின்வரும் வரலாறு முழுவதிலும் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம்.

பாரடே கருதிய மறைவான நிலை

திசையன் அழுத்தம் என்னும் கருத்தின் தொடக்கம் சமன்பாடுகளில் இல்லை. கணிதப் பயிற்சி அதிகம் பெறாத மைக்கேல் பாரடேயிடமே அது தோன்றியது. 1831 ஆகஸ்ட் 29 அன்று அவர் இரும்பு வளையம் ஒன்றில் இரு கம்பிச்சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மற்றொன்றில் கணநேர மின்னோட்டம் தோன்றுவதைக் கண்டார். மின்காந்தத் தூண்டல் எனப்படும் விளைவு இதுவே.

மின்னோட்டம் மாறாமல் பாயும்போது இரண்டாம் சுருளில் எதுவும் நிகழ்வதில்லை. ஆனால் முதல் சுருளின் மின்னோட்டத்தை நிறுத்தியதும், இரண்டாம் சுருளில் எதிர்த்திசையில் மின்னோட்டம் எழுகிறது. ஆகவே, எதுவும் நிகழாததுபோல் தோன்றும் இடைப்பட்ட நேரத்திலும் அந்தச் சுருள் ஏதோ ஒரு சிறப்பு நிலையில் இருந்திருக்க வேண்டும் என்று பாரடே கருதினார். அதற்கு 'எலக்ட்ரோடானிக் நிலை' எனப் பெயரிட்டார். 'மின்விறைப்பு நிலை' என இதைத் தமிழில் சொல்லலாம். அந்த நிலையை நேரடியாகக் காண முடியாது. அது மாறும்போது மட்டுமே விளைவு தெரியும். அதைத் தனியே கண்டறிய அவர் செய்த முயற்சிகள் பலன் தரவில்லை. விரைவிலேயே அவர் காந்த விசைக்கோடுகளைக் கொண்டு தூண்டலை விளக்கி, இக்கருத்தைக் கைவிட்டார். எனினும் பிற்காலத்தில் பலமுறை அதை நோக்கித் திரும்பினார்.

நாய்மனின் வாய்பாடும் தந்திக் கம்பியும்

1845இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரான்ஸ் நாய்மன், தூண்டல் மின்னோட்டத்துக்குக் கணித விதி ஒன்றை அமைத்தார். இரு மூடிய சுற்றுகளை எடுத்துக்கொண்டு, ஒன்றின் ஒவ்வொரு துண்டையும் மற்றொன்றின் ஒவ்வொரு துண்டோடு இணைத்து, இடைத்தொலைவால் வகுத்துக் கூட்டும் இரட்டைத் தொகையீடு அது. இன்று பரிமாற்று மின்தூண்டல் எண்ணைக் கணக்கிடப் பயன்படும் வாய்பாடும் இதுவே. அந்த இரட்டைத் தொகையீட்டின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால், அது மேலே கம்பிக்குச் செய்த கணக்காகும். திசையன் அழுத்தத்தின் கணித வடிவம் இவ்வாறு நாய்மனின் வாய்பாட்டுக்குள் இருந்தது.

நாய்மன் எடுத்துக்கொண்டவை மூடிய சுற்றுகள் என்பது முக்கியம். நீண்ட கம்பியின் முடிவிலிச் சிக்கலுக்கு முதல் தீர்வு இங்குள்ளது. எந்த மின்னோட்டமும் சென்ற வழியே முடிந்துவிடுவதில்லை. அது திரும்பியாக வேண்டும். ஒன்றுக்கொன்று 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு இணைக் கம்பிகள் உள்ளன, ஒன்றில் 10 ஆம்பியர் செல்கிறது, மற்றொன்றில் அதுவே திரும்புகிறது எனக் கொள்வோம். தொலைவில் உள்ள துண்டுகளின் பங்குகள் இணை இணையாக ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. இரு கம்பிகளுக்கு இடையே, முதல் கம்பியிலிருந்து 1 சென்டிமீட்டர் தொலைவில் திசையன் அழுத்தம் 9.2 × 10⁻⁶ வெபர்/மீட்டர். கம்பிகள் எவ்வளவு நீண்டாலும் இம்மதிப்பு மாறுவதில்லை. கற்பனையான ஒற்றைக் கம்பிக்கு உள்ள முடிவிலி, உண்மையான சுற்றுக்கு இல்லை.

இந்தக் கணக்கு வெறும் ஏட்டுக் கணக்காக இருக்கவில்லை. அக்காலத்தில் ஐரோப்பாவெங்கும் தந்திக் கம்பிகள் நீண்டு வந்தன. 1857இல் குஸ்தாவ் கிர்காஃப், நீண்ட கம்பியில் மின்குறிப்பு எவ்வாறு பரவுகிறது என ஆராய்ந்தபோது கம்பியின் நீளத்துக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையைப் பயன்படுத்தினார். மின்தடை மிகக் குறைவான கம்பியில் மின்னலை ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் செல்லும் என்ற விடை அவருக்குக் கிடைத்தது. கம்பியின் தடிமன் அந்த வேகத்தைப் பாதிக்கவில்லை.

மேக்ஸ்வெல்: உந்தமாகக் கண்ட பார்வை

பாரடேயின் கைவிடப்பட்ட கருத்துக்கும் கணிதத்துக்கும் பாலம் அமைத்தவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். 1855 டிசம்பரிலும் 1856 பிப்ரவரியிலும் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தில் பாரடேயின் விசைக்கோடுகள் பற்றிய கட்டுரையை அவர் படித்தபோது அவருக்கு வயது 24. காந்த விசையை மற்றொரு திசையனின் சுழற்சியாகக் காட்டும் முறையை வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) 1847இல் கையாண்டிருந்தார். மேக்ஸ்வெல் அத்திசையனையே பாரடேயின் மின்விறைப்பு நிலைக்கு உரிய கணித அளவாக அடையாளம் கண்டார். அது காலத்தோடு மாறும் வீதமே தூண்டப்பட்ட மின்புலம். கண்ணுக்குத் தெரியாத நிலை ஒன்று மாறும்போது மட்டுமே விளைவு தோன்றும் என்ற பாரடேயின் சொல் இவ்வாறு சமன்பாடாயிற்று.

1864 டிசம்பர் 8 அன்று ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்ட கட்டுரையில் மேக்ஸ்வெல் இதற்கு 'மின்காந்த உந்தம்' என்ற பெயரைக் கொடுத்தார். ஓடும் வண்டியின் உந்தம் நமக்குக் கண்ணில் படுவதில்லை. வண்டியை நிறுத்தும்போது எழும் விசையில் அது வெளிப்படுகிறது. கம்பியின் மின்னோட்டத்தை நிறுத்தும்போது அருகிலுள்ள மின்னூட்டத்தின் மீது எழும் விசையும் அப்படிப்பட்டதே. நமது 10 ஆம்பியர் கம்பிக்கு இணையாக 1 சென்டிமீட்டர், 2 சென்டிமீட்டர் தொலைவுகளில் இரு பக்கங்கள் அமையும்படி 1 மீட்டர் நீளச் செவ்வகச் சுற்று ஒன்றை வைப்போம். மின்னோட்டம் ஒரு மில்லி நொடியில் சீராகக் குறைந்து நின்றால், செவ்வகத்தில் ஏறத்தாழ 1.4 மில்லிவோல்ட் மின்னியக்கு விசை எழும். இரு பக்கங்களின் திசையன் அழுத்த வேறுபாட்டை நேரத்தால் வகுத்தே இவ்விடையைப் பெறலாம்.

1873இல் வெளிவந்த தம் பெருநூலில் மேக்ஸ்வெல் 'திசையன் அழுத்தம்' என்ற பெயரைப் பயன்படுத்தினார். முதன்மையான திசையன்களுக்கு அவர் ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துகளை வரிசையாக அளித்தபோது, முதல் எழுத்தை இதற்கே ஒதுக்கினார். காந்தத் தூண்டலுக்கு இரண்டாம் எழுத்து கிடைத்தது. இன்றும் உலகெங்கும் பாடநூல்களில் இவ்விரு எழுத்துகளே வழங்குகின்றன.

அதே நூலின் இணை மின்னோட்டங்கள் பற்றிய அதிகாரத்தில், தடித்த நேர்க்கம்பிகளின் மின்தூண்டலைக் கணக்கிட 'பெருக்கல் சராசரித் தொலைவு' என்னும் முறையை அவர் தந்தார். மடக்கைகளின் சராசரியை எடுக்கும் இம்முறையில், திண்ம வட்டக் கம்பி ஒன்றுக்குப் பதிலாக அதன் ஆரத்தில் 0.7788 பங்கு ஆரமுள்ள மெல்லிய குழாயை வைத்துக் கணக்கிடலாம். உயர் மின்னழுத்தக் கோபுரங்களில் செல்லும் கம்பிகளின் மின்தூண்டல் எண்ணை மின்பொறியியல் மாணவர்கள் இன்றும் இந்த எண்ணைக் கொண்டே கணக்கிடுகின்றனர்.

லோரன்ஸ்: காலம் சேர்ந்தபோது

டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் லோரன்ஸ் 1867இல் மற்றொரு வழியில் சென்றார். மின்னோட்டத்தின் விளைவு உடனடியாக எங்கும் பரவுவதில்லை. அது முடிவுள்ள வேகத்தில் பயணம் செய்கிறது என்பதை அவர் அழுத்தங்களின் வாய்பாட்டிலேயே சேர்த்தார். ஒரு புள்ளியின் அழுத்தத்தைக் கணக்கிட, ஒவ்வொரு துண்டிலும் இப்போது பாயும் மின்னோட்டத்தை எடுக்கக் கூடாது. அங்கிருந்து செய்தி வந்து சேரும் நேரத்துக்கு முன்பு பாய்ந்த மின்னோட்டத்தை எடுக்க வேண்டும். இவை 'பின்தங்கிய அழுத்தங்கள்' எனப்படும்.

நீண்ட கம்பியின் முடிவிலிச் சிக்கலுக்கு இது இரண்டாம் தீர்வு. கம்பி உண்மையிலேயே முடிவில்லாதது, அதில் 10 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு கணத்தில் தொடங்குகிறது எனக் கற்பனை செய்தாலும், ஒரு நொடிக்குப் பின் நம் புள்ளியை எட்டியிருப்பவை இருபுறமும் 3 லட்சம் கிலோமீட்டருக்குள் உள்ள துண்டுகளின் விளைவு மட்டுமே. எனவே திசையன் அழுத்தம் அந்நேரத்தில் சுமார் 5 × 10⁻⁵ வெபர்/மீட்டர் என்ற முடிவுள்ள மதிப்பையே பெறும். முடிவிலியை அடைய முடிவில்லாத காலம் வேண்டும்.

லோரன்ஸ் தம் அழுத்தங்களுக்கு விதித்த நிபந்தனை நெடுங்காலம் ஹாலந்து இயற்பியலாளர் ஹெண்ட்ரிக் லோரன்ட்ஸ் பெயரால் வழங்கியது. பெயர் ஒற்றுமையால் நேர்ந்த இக்குழப்பம் இன்றும் சில நூல்களில் காணப்படுகிறது.

விலக்கப்பட்ட காலம்

மேக்ஸ்வெல் 1879இல் மறைந்தார். அவருடைய 1865ஆம் ஆண்டுக் கட்டுரையில் 20 மாறிகளும் 20 சமன்பாடுகளும் இருந்தன. திசையன் அழுத்தம் அவற்றின் நடுவில் இருந்தது. அதை அங்கிருந்து அகற்றியவர் ஆலிவர் ஹெவிசைடு. தந்தி இயக்குநராகப் பணியாற்றி, 24ஆம் வயதில் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே ஆராய்ந்தவர் அவர். 1880களின் நடுப்பகுதியில், மின்புலம், காந்தப்புலம் ஆகிய இரண்டை மட்டும் கொண்டு மேக்ஸ்வெல் கொள்கையை அவர் மாற்றி எழுதினார். ஜெர்மனியில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் தனியே அதே திசையில் சென்று, 1890இல் தம் வடிவத்தை வெளியிட்டார். இன்று 'மேக்ஸ்வெல் சமன்பாடுகள்' எனப்படும் நான்கும் பெருமளவு இவ்விருவரின் ஆக்கமே.

ஹெவிசைடின் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆற்றல் எங்குள்ளது, எவ்வழியே பாய்கிறது என்பதைப் புலங்கள் சொல்லிவிடுகின்றன. அழுத்தங்களோ ஒரே சூழலுக்குப் பலவாக அமையலாம். நீண்ட கம்பியின் திசையன் அழுத்தத்தோடு எந்த மாறிலியைக் கூட்டினாலும் காந்தப்புலம் மாறுவதில்லை. மாறிலியை மட்டுமல்ல, எந்த ஒரு சார்பின் சரிவையும் கூட்டலாம். விருப்பம்போல் மாற்றக்கூடிய ஒன்றை இயற்கையில் உள்ள பொருளாகக் கொள்வது எப்படி என்பதே அவர் கேள்வி. 1888இல் ஹெர்ட்ஸ் வானொலி அலைகளைச் சோதனையில் காட்டியபோது, பரவுவது புலமே என்ற எண்ணம் வலுப்பெற்றது. அதன்பின் ஏறத்தாழ 70 ஆண்டுகள், திசையன் அழுத்தம் கணக்கை எளிதாக்கும் துணைக்கருவி என்றே மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது.

குவாண்டம் இயற்பியலில் மீள்வருகை

நியூட்டனின் இயக்கவிதியில் மின்துகளுக்கு வேண்டியது அத்துகள் இருக்கும் இடத்தின் புலம் மட்டுமே. 1926இல் வெளிவந்த ஷ்ரோடிங்கர் சமன்பாடு அப்படியல்ல. அதில் புலங்கள் நேராக வருவதில்லை, அழுத்தங்களே வருகின்றன. மேக்ஸ்வெல் உந்தம் என அழைத்த அதே அளவு, மின்னூட்டத்தால் பெருக்கப்பட்டு, துகளின் உந்தத்தோடு சேர்ந்து நிற்கிறது.

அதே ஆண்டு ரஷ்ய இயற்பியலாளர் விளாடிமிர் ஃபோக், திசையன் அழுத்தத்தை ஒரு சரிவால் மாற்றினால், எலக்ட்ரான் அலையின் கட்டம் அதற்கேற்ப மாறி விடையைச் சரிசெய்துகொள்கிறது எனக் காட்டினார். 1929இல் ஹெர்மன் வைல் இதையே ஓர் அடிப்படைக் கொள்கையாக முன்வைத்தார். அவர் பயன்படுத்திய ஜெர்மன் சொல் அளவைத் தரப்படுத்துதலைக் குறிப்பது. ஆங்கிலத்தில் அது 'கேஜ்' ஆயிற்று. மீட்டர் கேஜ், பிராட் கேஜ் என ரயில் பாதைக்கு வழங்கும் அதே சொல் இது. ஹெவிசைடு குறையாகக் கண்ட நெகிழ்வு, இங்கு கொள்கையின் அடித்தளமாயிற்று.

பிரிஸ்டல், 1959

ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் அழுத்தம் இருப்பது கணக்கு வசதிக்காகத்தான் என்று இன்னும் சொல்லலாம். அதைச் சோதிக்க, காந்தப்புலம் இல்லாத, ஆனால் திசையன் அழுத்தம் உள்ள ஓர் இடம் வேண்டும். நேர்க்கம்பி இதற்கு உதவாது. அதைச் சுற்றி எங்கும் காந்தப்புலம் உண்டு. கம்பியை நீண்ட வரிச்சுருளாகச் சுற்றினால் நிலைமை மாறுகிறது. காந்தப்புலம் முழுவதும் சுருளின் உள்ளே அடங்கிவிடுகிறது. வெளியே புலம் இல்லை; ஆனால் திசையன் அழுத்தம் சுருளைச் சுற்றி வளையம் வளையமாக, தொலைவுக்கு எதிர்விகிதத்தில் குறைந்தபடி அமைந்துள்ளது. நேர்க்கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் அமையும் அதே வடிவம் இது.

1949இல் வெர்னர் எரன்பெர்க், ரேமண்ட் சைடே இருவரும் எலக்ட்ரான் ஒளியியல் பற்றிய கட்டுரை ஒன்றில், இத்தகைய புலமற்ற இடத்தின் வழியே செல்லும் எலக்ட்ரான்களின் குறுக்கீட்டுப் பட்டைகள் இடம்பெயரும் எனக் குறிப்பிட்டனர். அதை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1959இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் யாகிர் அகரோனொவும் அவருடைய நெறியாளர் டேவிட் போமும் அதே முடிவைத் தனியே கண்டு, அதன் பொருளை வெளிப்படையாக முன்வைத்தனர். எலக்ட்ரான் கற்றையை இரண்டாகப் பிரித்து வரிச்சுருளின் இருபுறமும் செலுத்தி மீண்டும் சேர்த்தால், எந்தக் கற்றையும் காந்தப்புலத்தைத் தொடாதபோதும் இரண்டுக்கும் இடையே கட்ட வேறுபாடு தோன்றும். பின்னர் முன்னோடிகளின் கட்டுரையை அறிந்ததும், 1961இல் எழுதிய அடுத்த கட்டுரையில் அதைக் குறிப்பிட்டனர்.

இவ்விளைவு எவ்வளவு நுட்பமானது என்பதை நம் கம்பியைக் கொண்டே காணலாம். அடைபட்ட காந்தப் பாயம் 4.14 × 10⁻¹⁵ வெபர் ஆனாலே எலக்ட்ரானின் கட்டம் ஒரு முழுச் சுற்று மாறிவிடும். நமது 10 ஆம்பியர் கம்பிக்கு அருகே வைத்த 1 மீட்டர் செவ்வகத்தினூடே செல்லும் பாயம் 1.39 × 10⁻⁶ வெபர். இது சுமார் 33 கோடி முழுச் சுற்றுகளுக்குச் சமம். எனவே சோதனைக்கு வேண்டியது வலிய காந்தமன்று. மிகமிகச் சிறிய காந்தம்.

சோதனைகளும் சர்ச்சையும்

1960இல் பிரிஸ்டலிலேயே ராபர்ட் சேம்பர்ஸ், ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள இரும்பு நுண்ணிழையைக் கொண்டு முதல் சோதனையைச் செய்தார். பட்டைகள் இடம்பெயர்ந்தன. 1962இல் ஜெர்மனியின் டூபிங்கனில் மோலன்ஸ்டெட், பாய் இருவரும் மிக நுண்ணிய வரிச்சுருளைக் கொண்டு மின்னோட்டத்தை மாற்றியபடி பட்டைகள் நகர்வதைக் காட்டினர்.

எனினும் ஐயம் நீங்கவில்லை. இழைக்கும் சுருளுக்கும் முனைகள் உண்டு. முனைகளிலிருந்து கசியும் காந்தப்புலமே பட்டைகளை நகர்த்தியிருக்கலாம் அல்லவா? 1978இல் இத்தாலியின் பொச்சியேரி, லோயிங்கர் இருவரும் இப்படியொரு விளைவே இல்லை என வாதிட்டனர்.

இதற்கு விடை கண்டவர் ஜப்பானின் ஹிட்டாச்சி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த அகிரா டோனோமுரா. முனையே இல்லாத காந்தம் வேண்டுமானால் அதை வளையமாக்க வேண்டும். அவர் குழுவினர் சில மைக்ரோமீட்டர் அளவுள்ள பெர்மலாய் வளையக் காந்தங்களைச் செய்து, எலக்ட்ரான் ஹோலோகிராபி முறையில் வளையத்தின் துளை வழியே சென்ற அலையையும் வெளியே சென்ற அலையையும் ஒப்பிட்டனர். 1982இல் வெளியான முடிவுகளை அடுத்து, 1986இல் வளையம் முழுவதையும் நியோபியம் என்னும் மீக்கடத்தியால் மூடிச் சோதனையை மீண்டும் செய்தனர். சுமார் 9 கெல்வினுக்குக் கீழே நியோபியம் மீக்கடத்தியாகி, காந்தப்புலத்தை வெளியே கசியவிடாமல் தடுக்கிறது; அடைபட்ட பாயத்தையும் 2.07 × 10⁻¹⁵ வெபரின் முழு மடங்காக்குகிறது. எலக்ட்ரானுக்கு வேண்டிய முழுச் சுற்று இதைப்போல் இரு மடங்கு. ஆகவே மடங்கு இரட்டைப்படை எனில் பட்டைகள் நகரக் கூடாது; ஒற்றைப்படை எனில் சரியாக அரைப் பட்டை நகர வேண்டும். கிடைத்த படங்கள் அவ்வாறே இருந்தன. கசிவு என்ற வாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

எஞ்சி நிற்பது எது?

இச்சோதனைகளால் திசையன் அழுத்தத்தின் ஒவ்வொரு புள்ளி மதிப்பும் மெய்ப்பொருளாகிவிட்டது எனக் கொள்வது பிழையாகும். பட்டைகளின் இடப்பெயர்ச்சி, மூடிய பாதை ஒன்றைச் சுற்றித் திசையன் அழுத்தத்தைக் கூட்டிவரும் தொகையைச் சார்ந்தது. எந்தச் சார்பின் சரிவைக் கூட்டினாலும் இத்தொகை மாறுவதில்லை. ஆகவே ஹெவிசைடின் கேள்வி இன்றும் செல்லுபடியாகும்: ஒரு புள்ளியில் உள்ள மதிப்பை எவராலும் அளக்க முடியாது. ஆனால் அவர் எடுத்த முடிவு செல்லாது. எலக்ட்ரான் சென்ற இடத்தில் புலம் இல்லாதபோதும் அளக்கத்தக்க விளைவு உள்ளது. அதை அவ்விடத்தின் புலத்தைக் கொண்டு மட்டும் விவரிக்க இயலாது. இவ்விளைவை அழுத்தத்தின் செயலாகக் கொள்வதா, அல்லது எட்டத்தில் உள்ள பாயத்தின் செயலாகக் கொள்வதா என்ற விவாதம் இயற்பியலாளரிடையே இன்றும் தொடர்கிறது.

நீண்ட கம்பியின் கணக்கு இதை முதலிலேயே காட்டிவிடுகிறது. 2 மீட்டர் கம்பிக்கும் 2,000 கிலோமீட்டர் கம்பிக்கும் ஓர் இடத்தின் மதிப்பு வேறு வேறு. இரு இடங்களின் வேறுபாடு ஒன்றே. அந்த வேறுபாட்டைத்தான் நாய்மன் சுற்றுகளில் கூட்டினார், பாரடே சுருளில் மின்னோட்டமாகக் கண்டார், டோனோமுரா பட்டைகளின் நகர்வாகப் படமெடுத்தார். தேர்வில் இக்கணக்கைச் செய்யும் மாணவர் விடையில் முடிவிலி வந்ததும் தவறு செய்துவிட்டோம் என அஞ்ச வேண்டியதில்லை. எந்த இடத்தைப் பூச்சியமாகக் கொள்வது என்பதை நாமே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அந்த முடிவிலி உணர்த்தும் பொருள். அதைத் தேர்ந்த பின் எஞ்சுபவை அனைத்தும் சோதனையில் அளக்கத்தக்கவை.